நடவுக்கு யாரும் வரவில்லை

"ஏர் ஓட்டறேன்னு சொல்லிடுங்கம்மா. ஒரே வார்த்தை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார் வக்கீல்.

மன்னார்குடியில், தெப்பக்குளத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அவருடைய அறை. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொல்லி நாங்கள் இரண்டு பேரும் கெஞ்சிப் பார்த்தோம். "இருக்கட்டும், எனக்கு இதான் தோது" என்றுவிட்டாள். வக்கீல் சொன்னதைக் கேட்டு அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முந்தானையில் இருந்த முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "சார், சாட்சிக்கு இப்படிச் சொல்லிக்குடுக்கறது தப்பு" என்றேன்.

"தப்புதாம்மா. எதிர்த்தரப்புல சொல்லிக்குடுக்காமலா கூட்டிட்டு வர்றாங்க?"

வக்கீல் நல்ல மனிதர். செங்கொடிச் சங்கம் அனுப்பும் வழக்குகளுக்கு அவர் காசு கேட்பதில்லை. அவரிடம் போய் நான் ஒழுக்கம் பேசிக்கொண்டிருந்தேன். என்ன செய்வது, என் பிழைப்பு அது. சென்னையில் ஒரு சட்டக் கல்லூரியில் நான் விரிவுரையாளர். ஒரு நாட்டுச் சட்டத்தில் குற்றம் என்று எழுதியிருப்பது இன்னொரு நாட்டில் கடமையாகிவிடுவதைப் பையன்களுக்கு ஒப்பிட்டுக் காட்டுவதுதான் என் வேலை. சாட்சியிடம் வக்கீல் முன்கூட்டிப் பேசினாலே முகம் சுளிக்கிற நாடுகள் உண்டு. பேசித் தயார் செய்யாவிட்டால் வக்கீலுக்கு வேலை தெரியவில்லை என்கிற நாடுகளும் உண்டு. இதைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அந்த மாடி அறையில் அந்தக் கட்டுரை காலணாவுக்குப் பிரயோசனப்படவில்லை.

விஷயம் இதுதான். ஊரில் எங்களுக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைச் சாகுபடி. நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் தஞ்சாவூரில் இருந்தார். ஊரில் அவருக்காக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது அவருடைய காரியக்காரர். குத்தகைக்கு எழுத்து கிடையாது, ரசீது கிடையாது. அப்பா செய்தார், அவர் போன பிறகு அம்மா செய்தாள். குத்தகைதாரர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்ததும் அம்மா மனுப் போட்டாள். காரியக்காரர் உடனே தலையைச் சிலுப்பிக்கொண்டு எழுந்தார். அங்கே குத்தகையே கிடையாது, மிராசுதாரே கூலி கொடுத்துப் பண்ணைச் சாகுபடி செய்கிறார் என்று எதிர்மனுப் போட்டார். சட்டமோ, தன் உடலுழைப்பைப் போட்டோ குடும்பத்தார் உடலுழைப்பைப் போட்டோ பயிரிடுகிறவர்தான் சாகுபடிதாரர் என்றது. அம்மாவோ கணவனை இழந்தவள், ஏர் பிடிக்காதவள். இருக்கிற ஒரே மகளும் சென்னையில் மாதச் சம்பளம் வாங்குகிறாள். நான் படித்து முன்னுக்கு வந்ததே எதிர்த்தரப்புக்கு ஒரு வாதமாகிவிட்டது. கல்லூரியில் முழுநேரச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால் நான் கறுப்புக் கோட்டு போட்டு வாதாடவும் முடியாது. ஊரில் முதன்முதலாகச் சட்டம் படித்தவள் நான், அம்மாவின் வழக்கில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

விசாரணை தாலுகா ஆபீசில், தாசில்தார் முன்னிலையில் நடந்தது. எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் பஸ் பிடித்து வந்து கூடத்தின் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். காரியக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆட்சி மாறிய கையோடு அவர் தோள் துண்டின் கரையும் மாறியிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் சுற்றி வளைக்கவே இல்லை.

"நீங்க ஏர் ஓட்டுவீங்களாம்மா?"

அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் பார்த்தது சுவரோரம் நின்ற பெண்களை.

"இல்லீங்க."

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப யாரு உழுவறது?"

"எங்க அண்ணன் உழுவாரு. கூடப் பொறந்தவரு இல்லீங்க, பக்கத்து வயக்காரரு. முறைக்கு அண்ணன்."

"கூலி யார் குடுக்கறது?"

"கூலி என்னத்துக்குங்க? அவரு எனக்கு உழுது குடுப்பாரு. நானும் எங்க தெருப் பொம்பளைங்களும் அவரு வயலை நட்டுக் குடுப்போம். அவரு வீட்டுல அண்ணிக்குக் கால் வெளங்காது, நடவுக்கு ஆளு இல்ல. எங்க வீட்டுல ஏர் புடிக்க ஆம்பள இல்ல. அதனால மாத்து வேலைங்க. எங்க வீட்டுக்காரரு போனதுலேருந்து இப்படித்தான்."

எங்கள் வக்கீல் கண்ணைத் திறந்தார். தன் உழைப்பைக் கொடுத்து இன்னொருவர் உழைப்பை வாங்கினால் அதுவும் தன் உழைப்புதான் என்று எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். தாசில்தார் கையமர்த்தினார். அந்த அண்ணனையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்ல, அடுத்த வாய்தா கொடுத்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம் கேட்டேன், ஏன் ஆமாம் என்று சொல்லவில்லை என்று. பொய் சொல்லக்கூடாது என்பதற்காகத்தானே என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

"பின்னால தெருவே நிக்குது. தாலி அறுத்தவ ஏர் மேழியைத் தொட்டா வயலுக்கே ஆகாதும்பாங்க. தொட்டேன்னு என் வாயால சொன்னா, நாளைக்கு அந்த வயல்ல எவடி எறங்குவா?" என்றாள்.

நானும் வக்கீலும் மெய், பொய் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு அந்தக் கணக்கே வேறு.

அந்த அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். நெட்டையான மனிதர், அதிகம் பேசமாட்டார். நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போன நாளில் வாய்க்கால் பாலம் உடைந்து கிடந்ததால் என்னைத் தன் மாட்டு வண்டியில் சுற்று வழியாகக் கொண்டுபோய் விட்டவர். அவருடைய வயலும் அதே மிராசுதாருடையதுதான், அதற்கும் எழுத்து கிடையாது. "போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடுங்க" என்று வக்கீல் எனக்குச் சொல்லி அனுப்பினார். அம்மா விடவில்லை. "அவருக்குத் தெரியாததா? நீ போய் நின்னா, அவரு மேல சந்தேகப்படறோம்னு ஆயிடும்" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் போகவில்லை. காரியக்காரர் போனார்.

அடுத்த வாய்தாவில் மாமா சாட்சி சொல்ல வந்து நின்றார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார், புதுசு. அம்மா இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"அந்த ஆறு மாவை யாருக்காக உழுதீங்க?"

"பண்ணைக்குங்க. கூலிக்குத்தான் உழுதேன். காரியக்காரரு குடுத்தாரு."

"இவங்க உங்க வயல்ல வந்து நட்டது?"

"அதுவும் கூலிதாங்க."

"மாத்து வேலைன்னு ஏதோ சொல்றாங்களே?"

"அப்படியெல்லாம் எங்க ஊர்ல ஒண்ணும் கெடையாதுங்க."

பின்சுவர்ப் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணையில் என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். மாமா சொன்னதையே சொன்னார். கடைசியில் தாசில்தார் இறுதி வாதத்துக்கு இன்னொரு தேதி போட்டார். அதற்கப்புறம் உத்தரவுதான். வெளியே வந்ததும் வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரு வயலைப் பதிவு பண்ணித் தர்றேன்னு வாக்கு குடுத்திருப்பாங்க. இதை உடைக்கறது கஷ்டம்மா. அம்மாகிட்ட பக்குவமாச் சொல்லிவைங்க" என்றார். நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அந்த ஆறு மாவை நம்பித்தான் அவள் சென்னைக்கு வர மறுத்துக்கொண்டிருந்தாள். அது போனால் அவளுக்கு என் வீட்டுச் சமையலறை மூலை ஒன்றுதான் மிச்சம், அங்கே அவள் ஒரு வருஷம்கூடத் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அது சம்பா நடவுக் காலம். மாமா ஏற்கெனவே எங்கள் வயலை உழுது கொடுத்துவிட்டார், நாங்களும் நட்டு முடித்திருந்தோம். அடுத்தது அவர் முறை. நான் கல்லூரிக்கு லீவு எழுதிப் போட்டுவிட்டு ஊரிலேயே இருந்தேன். கூடவே என் ஆராய்ச்சிக் காகிதங்களும் இருந்தன. சர்வதேசச் சட்டத்தில் எழுதாத வழக்கம் எப்போது சட்டமாகிறது என்பது என் தலைப்பு. ஒரு பழக்கத்துக்கும், கட்டுப்படுத்துகிற வழக்கத்துக்கும் வித்தியாசம் எங்கே தெரிகிறது, அத்தாட்சி காட்டு என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலையில் மாமா தெருமுனையில் வந்து நின்றார். முழங்கால் வரை சேறு.

"நாத்து பறிச்சு முடி கட்டிப் போட்டுட்டேன்" என்றார், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

பறித்த நாற்று காத்திருக்காது என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். பெண்கள் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டும் தலை பின்னிக்கொண்டும் இருந்தார்கள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தைதான் வாயைத் திறந்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"மாத்து வேலையே கெடையாதுன்னு கோர்ட்டுல சொல்லிட்டீங்களேண்ணே. இல்லாததுக்கு நாங்க எப்படி வர்றது? கூலிதானே, காரியக்காரருகிட்ட கேளுங்க. ஆளு விடுவாரு."

அம்மா எங்கள் வாசலில்தான் இருந்தாள். மாமா அவளை ஒரு தடவை பார்த்தார், அவள் முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்தாள். அவர் போய்விட்டார்.

நான் அம்மாவை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். "என்ன காரியம் பண்றீங்க எல்லாரும்? இது சாட்சியை மிரட்டறது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு மூக்குல வேர்த்துடும். தாசில்தார் காதுக்குப் போச்சுன்னா மிச்சம் இருக்கறதும் போயிடும்."

"யாரையும் போவாதீங்கன்னு நான் சொல்லலியே."

"போங்கன்னும் சொல்லலியே."

"எதுக்குச் சொல்லணும்? இத்தன வருசமா நான் சொல்லியா போனாங்க?"

"அப்ப நீ மட்டுமாவது போம்மா. நல்லது. நாளைக்குக் கேட்டா சொல்லிக்கலாம்."

"எனக்கும் கோவம் இருக்குடி" என்றாள் அம்மா. முறத்தைத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

எனக்கு அவள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பக்கம் அவள் சொல்வதில் நியாயம் இருந்தது, இன்னொரு பக்கம் அதே நியாயம் அவளைக் கவிழ்த்துவிடும் என்று பயமாக இருந்தது. சாட்சியைக் கெடுப்பது பற்றி வகுப்பில் பக்கம் பக்கமாகக் குறிப்புக் கொடுத்தவள் நான். யாரும் ஒன்றும் செய்யாமல் வீட்டில் இருப்பது எந்தக் குற்றத்தில் சேரும் என்று எந்தக் குறிப்பிலும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் சேதி வந்தது. காரியக்காரர் கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து நடவுக்கு வெளியாள் இறக்குகிறார், காலையில் டிராக்டர் வருகிறது. அந்த வருஷங்களில் தஞ்சைப் பக்கம் ஒரு ஊருக்குள் வெளியாள் இறங்கினால் என்னென்ன நடக்கும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்து ஆட்கள் தெருவில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். "எறங்கட்டும், பாத்துக்கறோம்" என்றார்கள். அம்மா ரேஷன் கார்டையும் என் சர்டிபிகேட்டுகளையும் ஒரு மஞ்சள் பைக்குள் போட்டு வாசல்படி ஓரத்தில் வைத்தாள். தீ வைத்தால் எடுத்துக்கொண்டு ஓட, கூரை வீட்டில் இருக்கிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள்.

விடிந்ததும் வாய்க்கால் பாலத்தருகே போலீஸ் வேன் நின்றது. டிராக்டரும் வந்தது. டிரெய்லரில் பெண்கள், தலைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் கூலிக்கு வந்த ஏழைகள்தான். எங்கே வந்திருக்கிறோம் என்பது அவர்களுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். எங்கள் பெண்கள் வரப்பு நெடுக நின்றார்கள். எதிர்க்கரையில் சங்கத்து ஆட்கள். டிராக்டர் சத்தம் மட்டும் கேட்டது. ஏதாவது சட்டம் பேச வேண்டும் என்று டிராக்டர் பக்கம் போனேன்.

மாமா தன் வயலிலிருந்து கரையேறி வந்தார். நேராக டிராக்டரின் முன்னால் போய் நின்றார்.

"வேணாங்க. திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார் காரியக்காரரிடம்.

"என்னய்யா வெளையாடறியா? நாத்து அழுகுதுல்ல?"

"அழுகட்டும். என் வயலுக்காவ எவன் வீடும் எரிய வேணாம்."

காரியக்காரர் குரலைத் தாழ்த்தினார். ஆனால் நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்குக் கேட்டது. "பதிவு வேணுமா வேணாமா ஒனக்கு?"

மாமா டிராக்டர் முன்னாலிருந்து நகரவில்லை. கடைசியில் அந்த ஒடுக்கமான தடத்தில் டிராக்டரைத் திருப்புவதற்குள் டிரைவருக்கு வியர்த்துவிட்டது. டிரெய்லரில் இருந்த ஒரு பெண் போகும்போது எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இதற்கப்புறமாவது எங்கள் பெண்கள் வயலில் இறங்குவார்கள் என்று நினைத்தேன். இறங்கவில்லை. மாமாவும் வந்து கேட்கவில்லை. கட்டுக் கட்டாகப் பறித்துப் போட்ட நாற்று அந்தச் சேற்றிலேயே அழுகியது. அந்த நாற்றம் எங்கள் வீடு வரை வந்தது. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் போகவும் இல்லை.

வாதத்துக்குக் குறித்த தேதியன்று தாலுகா ஆபீசுக்குள் நுழைந்தபோது மாமா அங்கே நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சம்மன் கிடையாது. அழுக்கு வேட்டி, மேலே துண்டு இல்லை. தாசில்தார் வந்து உட்கார்ந்ததும் கைகூப்பிக்கொண்டு முன்னால் போனார்.

"ஐயா, முன்னாடி நான் சொன்னது பொய்யிங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். நான் எதைப் பயந்தேனோ அதையே அட்சரம் பிசகாமல் சொன்னார்: "இவரை மிரட்டியிருக்காங்க சார். தெருவே ஒண்ணு சேர்ந்து இவர் வயலுக்கு வழக்கமாப் போற நடவை நிறுத்தியிருக்கு. நாத்து அழுகிப் போச்சு. இது சாட்சியைக் கலைக்கற வேலை."

தாசில்தார் மாமாவைப் பார்த்தார். "உங்களை யாராவது மிரட்டினாங்களா?"

"இல்லீங்க. யாரும் வரலை. அவ்வளவுதான்."

"ஏன் வரலை?"

"மாத்து வேலை கெடையாதுன்னு நான்தானுங்களே சொன்னேன்."

தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார். எதிர்த்தரப்பு வக்கீல் பக்கம் திரும்பி, நிதானமாகக் கேட்டார். "சார், அப்படி ஒரு வழக்கமே இல்லைங்கறதுதானே உங்க கேஸ்? இல்லாத ஒண்ணை நிறுத்திட்டாங்கன்னு இப்ப நீங்களே புகார் சொல்றீங்களே?"

எதிர்த்தரப்பு வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். அதில் என்ன இருக்கும், பாவம். பின்சுவரோரம் நின்ற பெண்களுக்கு என்ன நடந்தது என்று உடனே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பேராசிரியர் கேட்டுக்கொண்டே இருந்த அத்தாட்சி என் கண்முன் நின்றது, சேறு காய்ந்த காலோடு. அப்போது எனக்கு அழுகைதான் வந்தது.

உத்தரவு அம்மாவுக்குச் சாதகமாக வந்தது. ஆறு மாவுக்கும் சாகுபடிதாரர் அவள்தான் என்று பதிவானது. சங்கத்தார் தெருவில் சர்பத் கலக்கிக் கொடுத்தார்கள். நான் சென்னைக்குத் திரும்பி அந்த அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினேன். ஒரு வழக்கம் இருக்கிறதா என்று அதைக் கடைப்பிடிக்கிற நாளில் பார்க்காதே, ஒருவன் அதை மீறுகிற நாளில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார். போர்க்காலத்திலும் எதிரி நாட்டு மீன்பிடிப் படகுகளைப் பிடித்து வைப்பதில்லை என்பது போன்ற பெரிய உதாரணங்களோடு, ஒரு கிராமம் என்று மட்டும் குறிப்பிட்டு எங்கள் ஊரையும் சேர்த்தேன். பேராசிரியர் முதல் தடவையாகத் திருப்பி அனுப்பவில்லை. பட்டம் வந்தது, பிறகு வெளிநாட்டு வகுப்பறைகளும் வந்தன. இன்றைக்கும் மாணவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டால், தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தது வரைக்கும் சொல்லுவேன். வகுப்பு சிரிக்கும், நானும் சிரிப்பேன். அதோடு மணி அடித்துவிட வேண்டும் என்று இருக்கும்.

ஏனென்றால் மாமாவும் மனுப் போட்டார். வாக்குக் கொடுத்த காரியக்காரர் கையை விரித்துவிட்டார், அது எதிர்பார்த்ததுதான். எங்கள் வக்கீலே அவருக்காகவும் ஆஜரானார். அம்மா சாட்சி சொன்னாள், பக்கத்து வீட்டு அத்தை சொன்னாள், தெருவே சொன்னது. எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டே விஷயத்தைக் காட்டினார். கூலிக்குத்தான் உழுதேன் என்று இந்த மனிதரே இதே கூடத்தில் சொல்லியிருக்கிறார், அப்புறம் அது பொய் என்றும் சொன்னார். இவருடைய எந்தப் பேச்சை நம்புவது என்று கேட்டார். அடுத்தது கிராமக் கணக்கு. அந்தச் சம்பாவில் எங்கள் வயலுக்கு நேரே நெல் என்று எழுதியிருந்தது. மாமாவின் வயலுக்கு நேரே தரிசு என்று எழுதியிருந்தது. கணக்கில் தவறில்லை. அந்தப் பருவம் அது தரிசாகத்தான் கிடந்தது, நாங்கள்தான் போகவில்லையே. புதிதாக வந்திருந்த தாசில்தார் நெடுநேரம் யோசித்துவிட்டு மனுவைத் தள்ளினார். மேல்முறையீட்டிலும் அதே கதைதான்.

எங்களுக்கு நிலத்தை வாங்கிக் கொடுத்த அதே காரியம் அவர் நிலத்தைக் கொண்டுபோய்விட்டது. இதை நான் எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை.

"நம்மளதுல பாதியை அவருக்கு விட்டுடலாமாடி? ஒன் சட்டத்துல அதுக்கு எதாவது வழி இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"உள்குத்தகை விட்டா நம்ம பதிவே ரத்தாயிடும்மா."

"எத்தன நாட்டுச் சட்டம் படிச்ச நீ?"

அவள் கேலிக்குக் கேட்கவில்லை. எங்கேயாவது ஒரு நாட்டில் வழி இருக்கும் என்று நம்பித்தான் கேட்டாள்.

மேல்முறையீடும் தோற்ற வருஷம், ஆனி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்தது. கோடை விடுமுறை முடியும் நேரம், நான் ஊருக்கு வந்திருந்தேன். காலையில் நானும் அம்மாவும் வயலுக்குப் போனபோது மாமா எங்களுக்கு முன்னாலேயே வந்து ஏர் பூட்டியிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. அவருடைய பழைய வயலில் காரியக்காரரின் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவர் திரும்பவில்லை. எங்கள் ஆறு மாவையும் எப்போதும் போல உழுதார், மூலை முடுக்கு விடாமல். அம்மா வரப்பில் உட்கார்ந்தே இருந்தாள். களைக் கொத்தைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

உழுது முடித்து அவர் கரையேறியதும் அம்மா எழுந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளே இருந்த ரூபாய் நோட்டுகளை எடுத்தாள், திரும்பவும் உள்ளேயே வைத்து முடிந்துகொண்டாள்.

"அண்ணே, நான் எங்க வந்து நடறது?" என்று கேட்டாள்.

மாமா மாடுகளை அவிழ்த்து தண்ணீர் காட்ட வாய்க்காலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.